ஈத்1-ஐ டவுன் செய்தால் ஈத்10-ம் சேர்ந்து போகிறது: இன்டர்ஃபேஸ் பெயருக்கு குளோபா, ரெஜெக்ஸா?

ராத்திரி_அட்மின்
ஒரே சர்வரில் ஈத்1, ஈத்10 என்று நாற்பதுக்கு மேல் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மாற்ற, அப் செய்ய, டவுன் செய்ய என்று ஒவ்வொரு தடவையும் ஃபார் லூப் எழுதி அலுத்துப்போய் பைத்தானில் சின்னதாக ஒரு கமாண்ட்-லைன் கருவி எழுதினேன். --மேட்ச் என்று ஒரு ஆப்ஷன், உள்ளே ரெஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் பேட்டர்ன்) செர்ச், அவ்வளவுதான். நேற்று ஈத்1-ஐ மட்டும் டவுன் செய்யப் போய் ஈத்10, ஈத்11 இரண்டும் கூடவே போய்விட்டன. நான் எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உட்கார்ந்திருந்ததே ஈத்10 வழியாகத்தான், ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு சர்வர் ரூமுக்கு ஓடினேன். ரெஜெக்ஸை விட்டுவிட்டு குளோபுக்கு (* மாதிரி குறி வைத்துப் பெயர் பிடிக்கும் எளிய பேட்டர்ன்) போகலாமா, இல்லை இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

பழைய_கேபிள்
குளோப் போதும். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி (லினக்ஸில் நெட்வொர்க்கை அமைக்கும் சேவை) ஃபைலில் மேட்ச் பகுதியில் பெயருக்கு எழுதுவதும் குளோப்தான், ஃபயர்வால் கருவியான என்எஃப்டேபிள்ஸிலும் கடைசியில் * போட்டால் வேலை செய்யும், அதனால் ஆட்களுக்கு அது பழகிய விஷயம். ஆனால் உங்களைக் கவிழ்த்தது ரெஜெக்ஸ் இல்லை, செர்ச். அது பெயரில் ஒரு துண்டு பொருந்தினாலே பிடித்துவிடும். முழுப்பெயரும் பொருந்தக் கேட்கும் ஃபுல்மேட்ச் போட்டிருந்தால் ஈத்1 என்பது ஈத்1-ஐ மட்டும்தான் பிடித்திருக்கும். பெயரைச் சொல்லி ப்ராசஸை நிறுத்தும் பிகில்லிலும் இதே குழிதான், பெயரில் ஒரு துண்டு பொருந்தினாலே அந்த ப்ராசஸைக் காலி செய்துவிடும், முழுப்பெயரும் பொருந்த வேண்டுமென்றால் -எக்ஸ் போட வேண்டும். அதனால்தான் நான் முதலில், எதையும் நிறுத்தாமல் பொருந்துவதை மட்டும் காட்டும் பிகிரெப் அடித்து யார் யார் மாட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பிகில் பக்கம் போவேன். உங்கள் கருவியிலும் அப்படி வையுங்கள்: பேட்டர்ன் கொடுத்தால் பட்டியலை மட்டும் காட்டட்டும், --செய் என்று தனியாகச் சொன்னால்தான் கை வைக்கட்டும்.

ஷெல்_தாத்தா
குளோப் என்றால் ஷெல் (நாம் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்) நடுவில் புகுந்துவிடும், அதை மறக்காதீர்கள். கோட்ஸ் போடாமல் ஈத்* என்று அடித்து, அந்த ஃபோல்டரில் ஈத்0.கான்ஃப் என்று ஒரு ஃபைல் கிடந்தால் உங்கள் கருவிக்கு வந்து சேருவது அந்த ஃபைல் பெயர்தான். அப்படி ஃபைல் எதுவும் இல்லாவிட்டால் பேஷ் என்ற ஷெல் அதை அப்படியே அனுப்பிவிடும், ஆனால் இசட்ஷெல் பொருந்துவது எதுவும் இல்லை என்று சொல்லி கமாண்டையே ஓட்டாது. ஆக ஒரே வரி மூன்று இடத்தில் மூன்று மாதிரி நடக்கும். ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் இதற்கு + குறி, ஈத்+ என்று எழுதினால் ஷெல் அதைத் தொடுவதே இல்லை. பார்க்க அசிங்கம், ஆனால் நிம்மதி.

இன்னொன்று. லினக்ஸ் கர்னல் இன்டர்ஃபேஸ் பெயரில் ஸ்லாஷ், கோலன், இடைவெளி மூன்றையும்தான் விடாது (வெறும் புள்ளியையும் இரட்டைப் புள்ளியையும் பெயராக வைக்க முடியாது). 15 எழுத்துக்குள் * கூட செல்லும்! அதனால் வெறும் பெயர் கொடுத்தால் அதை அப்படியே பெயராக எடுங்கள், பேட்டர்னுக்குத் தனி ஆப்ஷன் வையுங்கள். எழுத்தைப் பார்த்து இது பேட்டர்னாக இருக்கும் என்று கருவியே ஊகிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

வீலான்_வாசு
பெயரை ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஐபி கமாண்டிலேயே குரூப் இருக்கிறது. இன்டர்ஃபேஸ்களை குரூப் 10-ல் போட்டுவிட்டு "ஐபி லிங்க் செட் குரூப் 10 டவுன்" என்றால் முடிந்தது. பார்ப்பதற்கு மட்டும் என்றால் டைப் வீஈத் (மெய்நிகர் ஈதர்நெட்) என்றோ, எந்த பிரிட்ஜில் (இன்டர்ஃபேஸ்களை இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) மாட்டியிருக்கிறது என்று மாஸ்டர் வைத்தோ வடிகட்டலாம். பேட்டர்ன் அந்த நிமிடம் இருக்கிற இன்டர்ஃபேஸைத்தான் பிடிக்கும், நாளைக்குப் புதிதாக ஒன்று வந்தால் அதற்கு எம்டியு மாறியிருக்காது. அது நிரந்தரமாக வேண்டுமென்றால் நெட்வொர்க்டி ஃபைலில்தான் எழுத வேண்டும்.

ராத்திரி_அட்மின்
குரூப் இருப்பதே தெரியாமல் முந்நூறு வரி எழுதியிருக்கிறேன், சிரிக்காதீர்கள். சரி, கருவியைத் தூக்கிப்போடவில்லை: வெறும் பெயர் அப்படியே பெயர், --குளோப் தனி, ரெஜெக்ஸ் கிடையாது, பட்டியல் முதலில். எஸ்எஸ்ஹெச் வருகிற இன்டர்ஃபேஸ் பட்டியலில் இருந்தால் மறுத்துவிடும். எதுவுமே பொருந்தாவிட்டால் எக்ஸிட் கோட் (முடியும்போது கருவி திருப்பித் தரும் எண், 0 என்றால் வெற்றி) என்ன கொடுப்பது, 0-வா?

பழைய_கேபிள்
0 வேண்டாம், ஸ்கிரிப்ட்டில் எழுத்துப்பிழை இருந்தால் எல்லாம் நடந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். எழுத்தைத் தேடும் கிரெப் கமாண்ட் மாதிரி: பொருந்தவில்லை 1, உண்மையான பிழை 2.