மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்பில் சேரும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கிரீன் கார்டில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து இறங்கியவர்களிடம், அதுவும் ஊரில் பி.காம்., பி.ஏ. முடித்துவிட்டு இங்கே எந்த வேலைக்குள் நுழைவது என்று தெரியாமல் நிற்கும் பெண்களிடம், தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மருத்துவத் துறையில் ஒரு சான்றிதழ் வாங்கு, ஒரு வருடத்தில் வேலை. கிளினிக்கில் டாக்டருக்கு உதவும் மெடிக்கல் அசிஸ்டன்ட், இரத்தம் எடுக்கும் பிளபாட்டமி, டென்டல் அசிஸ்டன்ட், நர்சிங் உதவியாளர். வழி நல்ல வழிதான், வேலையும் கிடைக்கிறது. என் கவலையெல்லாம் அந்த ஒரு வருடத்துக்கு நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளும் கடனைப் பற்றியது.

மெடிக்கல் அசிஸ்டன்டின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும், பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குவது) 2024 மே நிலவரப்படி ஆண்டுக்கு 44,200 டாலர். பிளபாட்டமிஸ்டுக்கு 43,660. அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை தரும் இந்த எண்களில் பத்து, பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்களும் அடக்கம். புதிதாகச் சேர்பவருக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். மணிக்கு 16 டாலர் என்று வைத்துக்கொண்டால், வாரம் 40 மணி நேரம் வருடம் முழுக்க உழைத்து 33,280 டாலர், அதுவும் வரி பிடிப்பதற்கு முன்.

இப்போது கடனைப் பார்ப்போம். படிப்புக்கு 20,000 டாலர் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம்: 2025-26ஆம் ஆண்டின் அரசுக் கல்விக்கடன் வட்டியான 6.39 சதவீதம், பத்து வருடத் தவணை. மாதம் சுமார் 226 டாலர், மொத்தத்தில் ஏறக்குறைய 27,100 டாலர் கட்டி முடிப்பீர்கள். கல்வித்துறை 2023இல் வெளியிட்ட விதியில் இப்படிப்பட்ட படிப்புகளுக்கு ஓர் அளவுகோல் வைத்தது: ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விதியில் வேறு பிரிவுகளும் உண்டு, வீட்டுக் கணக்குக்கு இந்த ஒன்று போதும். 33,280இல் 8 சதவீதம் 2,662. உங்கள் தவணையோ வருடத்துக்கு 2,712. வாடகை, கார் இன்ஷூரன்ஸ், பிள்ளைகள் செலவு எதையும் எடுத்து வைப்பதற்கு முன்பே எல்லை தாண்டிவிட்டது.

தவிரவும், 20,000 முழுவதையும் அரசு கடனாகத் தராது. பெற்றோரைச் சாராத முதலாண்டு மாணவருக்கு உச்சவரம்பு 9,500 டாலர், சார்ந்திருப்பவருக்கு 5,500. மீதிக்குத் தனியார் வங்கிக் கடன், இல்லாவிட்டால் கல்லூரியே தரும் கடன். வந்த புதிதில் கிரெடிட் வரலாறு, அதாவது இங்கே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு, இருக்காது. அதனால் உங்களை அழைத்து வந்த அண்ணனோ அக்காவோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டிவரும். நீங்கள் தவணை தவறினால் அவர்கள் கட்ட வேண்டும்.

மனைவியின் தங்கையோடு ஒரு தனியார் பயிற்சிக் கல்லூரிக்குப் போயிருந்தேன். சேர்க்கை அலுவலர் மிகவும் கனிவாகப் பேசினார். செலவு எவ்வளவு என்று கேட்டபோதெல்லாம் வாரத்துக்கு இவ்வளவு என்றுதான் பதில் வந்தது, மொத்தத்தைச் சொல்லவில்லை. இன்றே கையெழுத்திட்டால் பதிவுக் கட்டணம் இல்லை என்று டேப்லெட்டை நீட்டினார். ஒப்பந்தத்தைக் காகிதத்தில் கேட்டு வாங்கினோம். சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகை ஒரு பக்கத்தின் அடியில் இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி எழுந்துவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் எந்தப் படிப்பிலும் இல்லை.

வேலைக்கு எடுக்கும் கிளினிக் நீங்கள் எவ்வளவு கட்டணம் கட்டிப் படித்தீர்கள் என்று கேட்பதில்லை. தேர்வு எழுதிச் சான்று பெற்றிருக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறது. மெடிக்கல் அசிஸ்டன்ட் சான்றுக்கான சிஎம்ஏ தேர்வுக்குப் புதிதாகப் படித்து வருபவர், காஹெப் (CAAHEP) அல்லது ஏபிஹெச்இஎஸ் (ABHES) என்ற அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற படிப்பைப் பொதுவாக முடித்திருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் உள்ள படிப்புகள், குறைந்த கட்டணத்தில் நடக்கும் அரசுக் கல்லூரிகளான கம்யூனிட்டி காலேஜ்களிலும் உண்டு. கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர். முப்பது யூனிட் என்றால் 1,380. இடம் கிடைக்க ஒரு செமஸ்டர் காத்திருக்க நேரலாம், காத்திருங்கள். அங்கே படித்த உடற்கூறியல் பாடத்தைப் பிறகு நர்சிங் படிப்புக்குக் கணக்கில் சேர்க்கவும் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. தனியார் பயிற்சிப் பள்ளியின் பாடங்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை.

எந்தக் கல்லூரியானாலும் கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் அதன் பெயரைப் போட்டு, அந்தக் குறிப்பிட்ட படிப்பை முடித்தவர்களின் வருமானத்தையும் கடனையும் பாருங்கள். அங்கே காட்டும் கடன் அரசுக் கடன் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். தனியார் கடன் அதில் சேராது.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்ட் உதவித்தொகை இளங்கலைப் பட்டம் பெற்றவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது, ஊரில் வாங்கிய பட்டமானாலும் சரி. மூன்றாண்டுப் பட்டம் எப்படிக் கணக்காகும் என்பதைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். பட்டத்தை மறைத்து அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா (FAFSA) விண்ணப்பம் நிரப்பச் சொல்லி யார் யோசனை தந்தாலும் கேட்காதீர்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருப்பவர்கள் படிக்கலாம், அரசுக் கடன் கிடையாது. வேலை அனுமதி கைக்கு வராமல் தனியார் கடன் வாங்க வேண்டாம்.

உடனே சம்பாதிக்க வேண்டிய நிலை என்றால் நர்சிங் உதவியாளர் பயிற்சியைப் பாருங்கள். நாடு முழுவதற்குமான குறைந்தபட்சம் 75 மணி நேரம்தான், சில மாநிலங்களில் கூடுதல், கலிபோர்னியாவில் 160. மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடுகளின் பணம் பெறும் முதியோர் இல்லத்தில் முதலில் வேலை உறுதி வாங்கிக்கொண்டு பயிற்சியில் சேர்ந்தால் உங்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சட்டம். நீங்களே செலவழித்துப் படித்து 12 மாதத்துக்குள் அப்படி ஓர் இல்லத்தில் சேர்ந்தாலும் அந்தச் செலவைத் திரும்பப் பெற வழி உண்டு. நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைக்கும் வேலை, முதுகு வலிக்கும். ஆனால் கடன் இல்லாமல் உள்ளே போய், இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வந்தவர்கள் மேலே சொன்ன எந்தப் படிப்பிலும் பணத்தைப் போட வேண்டாம். பதிவு பெற்ற நர்ஸின் இடைநிலைச் சம்பளம் 93,600 டாலர். நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் மாநில நர்சிங் வாரியம். சான்றிதழ்களை மதிப்பிடச் சொல்வார்கள், பிறகு நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் (NCLEX) தேர்வு. தேர்வுக் கட்டணம் 200 டாலர். படித்த கல்லூரியிலிருந்தும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலிலிருந்தும் ஆவணங்கள் நேராக இங்கே வந்து சேர்வதில்தான் மாதக்கணக்கில் இழுக்கும். இன்னும் விமானம் ஏறாதவர்கள் அந்த இரண்டு அலுவலகங்களுக்கும் இந்த வாரமே நேரில் போய் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.