திராட்சைக்குப் பின் ஆசி மாறிவிட்டது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஜெருசலேமில் ஒரு யூதப் பாட்டியைக் கவனித்துக்கொள்கிறேன். நேற்று பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டு, பழக்கத்தில் ரொட்டி சாப்பிட்ட பின் சொல்லும் நீண்ட ஆசியான பிர்கத் ஹமாசோனைச் சொல்லிவிட்டார். நினைவு வந்ததும் பாவம், கொட்டைகளைத் தட்டில் விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். பேரீச்சைக்கு அது செல்லும், யூதச் சட்ட நூலான தால்மூதின் பெராகோத் பகுதியிலேயே இருக்கிறது என்று மகன் சொன்ன பிறகுதான் தூங்கினார்.

சரி, அது தீர்ந்தது. இன்று ஒரு கிண்ணம் திராட்சை சாப்பிட்டுவிட்டு, 'போரே நெஃபாஷோத்' என்ற சிறிய ஆசியைச் சொல்லிவிட்டார். திராட்சை, இஸ்ரவேல் நாட்டுக்குரியவை என்று வேதம் புகழும் ஏழு விளைபொருள்களில் ஒன்று, அதற்கு ஆசி வேறு. இப்போது சரியானதைத் திரும்பச் சொல்லலாமா? இல்லை, இன்னும் கொஞ்சம் திராட்சை சாப்பிட்டுவிட்டுச் சொல்ல வேண்டுமா? மகனைப் பிடிக்க முடியவில்லை. சாப்பிட்டு 72 நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று பாட்டி கடிகாரத்தையே பார்க்கிறார். அரைமணி ஆகிவிட்டது.