திரும்பி வந்தவரின் சொல் எதற்குச் சாட்சி?

அந்திவானம் எழுதியது:

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு என் இதயம் நின்றுபோயிற்று. எத்தனை நிமிடம் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நான் கட்டிலுக்கு மேலே, கூரையை ஒட்டினாற்போல இருந்தேன். கீழே என் உடலைச் சூழ்ந்து நின்றவர்களைப் பார்த்தேன். என் மார்பை அழுத்திக்கொண்டிருந்தவருக்கு இடப்பக்கம் நீலத் தொப்பி அணிந்த ஒருவர் நின்றார். பிறகு எங்கும் வெளிச்சம். யாரோ என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அச்சம் துளியும் இல்லை. கண் விழித்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி அன்று, ஏமாற்றம். அதை என் மனைவியிடம் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. எந்த மனைவியும் கேட்க விரும்பாத செய்தி அது.

இத்தகைய அனுபவங்கள் யாவும் சாகும் மூளையின் கடைசிக் கனவு என்று அண்மையில் ஒருவர் என்னிடம் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருக்காகவே இதை எழுதுகிறேன். நெதர்லாந்தின் இதய மருத்துவர் பிம் வான் லொம்மெலும் அவருடைய குழுவினரும் பத்து மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரை ஆராய்ந்து 2001இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 62 பேர், அதாவது 18 விழுக்காட்டினர், என்னுடையதைப் போன்ற அனுபவத்தைச் சொன்னார்கள். ஆக்சிஜன் குறைவுதான் காரணமென்றால் ஏறத்தாழ எல்லோருக்குமே அது வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய வாதம். இதயம் நின்ற சில நொடிகளிலேயே மூளையின் மின்னலைகள் அடங்கத் தொடங்கிவிடும். அடங்கிய மூளையோடு ஒருவர் முன்னெப்போதையும்விடத் தெளிவாக உணர்ந்தார் என்றால், உணர்வு மூளையில் பிறப்பதில்லை, மூளை வழியாக வெளிப்படுகிறது என்று கொள்வதில் என்ன பிழை? வானொலிப் பெட்டி உடைந்தால் ஒலிபரப்பு நின்றுவிடுமா?

உரைகல் எழுதியது:

நண்பர் அந்திவானம் உயிர் மீண்டதில் உண்மையாகவே மகிழ்கிறேன். அவர் கண்டதைப் பொய் என்று சொல்லவும் நான் வரவில்லை. அவர் அதை எப்போது கண்டார் என்பதுதான் என் கேள்வி. நினைவுக்குக் கடிகாரம் கிடையாது. இதயம் நிற்பதற்கு முந்தைய அரை நிமிடத்திலோ, இரத்த ஓட்டம் திரும்பி மூளை மெல்லத் தெளிந்த நேரத்திலோ உருவான ஒரு காட்சியை, விழித்த பிறகு நாம் அந்த வெற்றிடத்தில் கொண்டுபோய்ப் பொருத்திவிட முடியும். அப்படிப் பொருத்துகிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

இதைச் சோதிக்க ஒரு நேர்மையான முயற்சி நடந்தது. மருத்துவர் சாம் பார்னியா தலைமையில் 15 மருத்துவமனைகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கூரைக்கு அருகே, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி பலகைகளில் படங்களை வைத்தார்கள். மொத்தம் 2060 இதய நிறுத்தங்கள் பதிவாயின. பிழைத்தவர்களில் 140 பேரிடம் பேச முடிந்தது. பார்த்ததும் கேட்டதுமாகத் தெளிவான நினைவைச் சொன்னவர்கள் இருவர். அந்த இருவருமே பலகை இல்லாத இடத்தில் இதயம் நின்றவர்கள். 2023இல் வெளியான அடுத்த ஆய்விலும் காட்டப்பட்ட படத்தை ஒருவரும் அடையாளம் சொல்லவில்லை.

வானொலி உவமை கேட்க இனிமையானது. ஆனால் பெட்டி பழுதானால் ஒலி கரகரக்குமே தவிர, செய்தி வாசிப்பவரின் கருத்து மாறாது. மூளையின் முன்பகுதி பழுதானால் மனிதரின் குணமே மாறிவிடுகிறது; அமைதியானவர் மூர்க்கராகிறார். வேறொரு பகுதி பழுதானால் தாயின் முகமே தெரியாமற்போகிறது. எந்த வானொலியும் இப்படிப் பழுதாவதில்லை.

அந்திவானம் எழுதியது:

“அந்த இருவருமே பலகை இல்லாத இடத்தில்” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த ஆய்வில் 78 விழுக்காடு இதய நிறுத்தங்கள் பலகை இல்லாத இடங்களில்தான் நேர்ந்தன. அப்படியானால் சோதனை தோற்கவில்லை, நடக்கவே இல்லை. அது மட்டுமன்று: அந்த இருவரில் ஒருவர் சொன்ன விவரங்கள் அறையில் நடந்தவற்றோடு ஒத்துப்போயின என்பதையும், அது இதயம் நின்றபின் சுமார் மூன்று நிமிட நேரத்துக்குரியது என்று ஆய்வாளர்களே மதிப்பிட்டதையும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

இராப்பணி எழுதியது:

தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோர் ஆண்டுகளாகச் செவிலியாகப் பணியாற்றுகிறேன். முதலில் ஒரு சிறு திருத்தம், பொதுவாக எல்லோருக்கும்: மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் தடைபடுகிறது. பலருக்கு நினைவே தவறுவதில்லை. இங்கே பேசப்படுவது இதயம் இரத்தத்தைச் செலுத்துவதை முற்றாக நிறுத்திய நிலை.

அடுத்தது, மார்பை அழுத்தும்போது மூளைக்கு இரத்தம் அறவே செல்வதில்லை என்று நினைக்க வேண்டாம். இயல்பான ஓட்டத்தில் ஒரு சிறு பங்கு செல்கிறது. அபூர்வமாகச் சிலர் அழுத்தும்போதே கையை அசைப்பார்கள், எங்கள் கையைத் தள்ளுவார்கள், நிறுத்தினால் அடங்கிவிடுவார்கள். முதல்முறை பார்த்தபோது நான் பயந்துபோனேன். உரைகல் குறிப்பிட்ட 2023ஆம் ஆண்டு ஆய்வில், மார்பழுத்தம் தொடங்கி 35 முதல் 60 நிமிடம் கழித்தும்கூடச் சிலருடைய மூளையில் விழிப்புநிலையை ஒத்த மின்னலைகள் இடையிடையே பதிவாயின. எனவே “அடங்கிய மூளை” என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தச் செய்தி இரு தரப்பையும் வெட்டும்: உணர்வு இருந்திருக்கலாம் என்று காட்டுகிறது, மூளையும் இருந்தது என்று காட்டுகிறது.

என் மனத்தை உறுத்துவது வேறு. வான் லொம்மெலின் 344 பேரில் 282 பேர் எதையும் சொல்லவில்லை. நான் பார்த்தவர்களிலும் பெரும்பாலோர் அப்படித்தான். சிலர் ஒளியைச் சொல்லவில்லை, சுவரில் பூச்சிகள் ஊர்வதையும் தம்மை யாரோ கட்டிப்போட்டதையும் சொன்னார்கள். உயிர் உடலைவிட்டு வெளியேறியது உண்மையென்றால், அந்த 282 பேர் எங்கே போனார்கள்?

அந்திவானம் எழுதியது:

கனவு காணாத மனிதர் இல்லை. காலையில் அதை நினைவு வைத்திருப்பவர் சிலர். மறந்தவர் காணவில்லை என்று ஆகாது, அம்மா.

உரைகல் எழுதியது:

அது இருபக்கமும் ஓடும் வாதம். நினைவு அழியக்கூடியது என்றால், நினைவு புனையவும் கூடியது.

மோனம் எழுதியது:

இவ்வளவு நேரமும் நீங்கள் ஒரு கடிகாரத்துக்காகச் சண்டையிடுகிறீர்கள். அனுபவம் இதயம் நிற்பதற்கு முன்னா, பின்னா என்பதே வழக்காகிவிட்டது. 1990இல் லான்செட்டில் வந்த இன்னோர் ஆய்வைப் பாருங்கள். தாம் மரணத்தின் விளிம்புக்குச் சென்றதாக நம்பிய 58 பேரின் மருத்துவப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அவர்களில் 30 பேர் உண்மையில் உயிராபத்தில் இருக்கவே இல்லை. ஆயினும் சாவோடு போராடிய மற்ற 28 பேர் சொன்னதைப் பெரிதும் ஒத்தே அவர்களும் சொன்னார்கள். அப்படியானால் சாகும் மூளைதான் இதைச் செய்கிறது என்ற உரைகல் கட்சியின் பிடி தளர்கிறது. உயிர் பிரிந்ததால் கண்டேன் என்ற அந்திவானத்தின் பிடியும் தளர்கிறது. ஏனெனில் பிரிய வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

1896இல் மதுரையில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனை, நோய் ஏதுமின்றி, திடீரென்று மரண பயம் பற்றியது. அவன் மருத்துவரைத் தேடவில்லை. படுத்தான், கைகால்களைப் பிணம்போல் விறைக்க வைத்தான், மூச்சை அடக்கினான், இந்த உடல் செத்தால் செத்தது யார் என்று உள்ளே கேட்டான். பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட அவர், அன்றைக்குப் பிறகு அந்த பயம் தமக்குத் திரும்பவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். செத்தபின் எங்கே போவேன் என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுமை பற்றிய கேள்வி எதிர்காலத்தைப் பற்றியது. மெய்யனுபவம், அதாவது ஞானியர் சொல்லும் நேரடி உணர்வு, இந்தக் கணத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் தராசுதான் உடையும்.

உரைகல் எழுதியது:

30 பேர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். “சாகும் மூளை” என்பது போதாத விளக்கம். சாவை எதிர்பார்க்கும் மூளை என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் மோனம் அவர்களே, மூளையை அதனால் விட்டுவிட முடியாது. 2002இல் நரம்பியல் மருத்துவர் ஒலாஃப் பிளாங்கேயின் குழுவினர் வலிப்பு நோய்க்கான பரிசோதனையின்போது ஒரு பெண்ணின் வலப்பக்க மூளையில் ஒரு குறிப்பிட்ட மடிப்பை மின்முனையால் தூண்டினார்கள். தாம் மேலே மிதப்பதாகவும் கீழே படுத்திருக்கும் தம் கால்களைப் பார்ப்பதாகவும் அவர் சொன்னார். 1962இல் வால்டர் பான்கே, பாஸ்டனில் ஒரு புனித வெள்ளி வழிபாட்டின்போது இருபது இறையியல் மாணவர்களில் பாதிப் பேருக்குச் சைலோசைபின் என்ற, ஒருவகைக் காளானில் உள்ள மனமயக்கப் பொருளைக் கொடுத்தார். கொடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெற்ற அனுபவம் ஞானியரின் கூற்றுகளோடு பொருந்தியது; கால் நூற்றாண்டு கழித்து விசாரித்தபோதும் அதைத் தம் வாழ்வின் உயர்ந்த கணங்களுள் ஒன்றாகவே குறிப்பிட்டார்கள். ஒரு காளானின் வேதிப்பொருள் தரக்கூடியதை மறுமைக்குச் சாட்சியாக எப்படி ஏற்பது?

மோனம் எழுதியது:

மரத்தைப் பார்க்கும்போதும் மூளையில் ஏதோ நடக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் மரத்தைப் பொய்யாக்கிவிடவில்லை. மின்முனையால் மரத்தைக் காட்ட முடிந்தாலும் தோட்டத்து மரம் தோட்டத்திலேயே இருக்கும்.

உரைகல் எழுதியது:

தோட்டத்து மரத்தில் நான் மோதினால் உங்களுக்கும் சத்தம் கேட்கும். அதுதான் வேறுபாடு. மறுமைக்குப் போய்வந்தவர்கள் ஒரே தோட்டத்தைச் சொல்வதில்லையே. ஆய்வாளர்கள் சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986இல் இந்தியாவில் திரட்டி வெளியிட்ட நிகழ்வுகளில் வந்தவர்கள் எமனின் ஏவலர்கள். ஏட்டைப் புரட்டி, தவறான ஆளைக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று கடிந்து, ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். மேலைநாட்டவர் கதைகளில் இந்த எழுத்தர் பிழை வருவதில்லை. அங்கே உனக்கு இன்னும் நேரம் வரவில்லை என்பார்கள், அல்லது செய்ய வேண்டிய கடமை இருக்கிறது என்பார்கள். (நம்முடைய மேலுலகத்திலும் கோப்பு மாறிப்போகிறது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை.)

அந்திவானம் எழுதியது:

உடை வேறு, ஆள் ஒருவர். பார்ப்பவர் அறிந்த உருவத்தில்தான் எதுவும் தோன்றும். நம்பாதவர்களுக்கும் தோன்றுகிறது என்பதை மறக்க வேண்டாம். வாழ்நாள் முழுதும் கடவுளை மறுத்த ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஏ. ஜே. அயருக்கு 1988இல் இதயம் நான்கு நிமிடம் நின்றது. அண்டத்தை ஆளும் ஒரு சிவப்பு ஒளியைக் கண்டதாக அவரே எழுதினார். மரணத்தோடு எல்லாம் முடிகிறது என்ற தம் உறுதி சற்றுத் தளர்ந்ததாகவும் எழுதினார்.

உரைகல் எழுதியது:

பிறகு அதைத் திருத்தியும் எழுதினார். தளர்ந்தது மரணத்துக்குப் பின் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை அன்று, அந்த நம்பிக்கையைத் தாம் பற்றியிருந்த விறைப்பு மட்டுமே என்றார். எனக்கு அந்தத் திருத்தம் மிகவும் பிடிக்கும்.

உடையை எல்லாம் களைந்தபின் அந்த ஆளிடம் எஞ்சுவது என்ன? அமைதியும் ஒளியும். அவை உணர்ச்சிகள், தகவல்கள் அல்ல. உங்கள் கதையில் தகவல் என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: நீலத் தொப்பி. ஆகவே நேரடியாகக் கேட்கிறேன், புண்படுத்தும் நோக்கம் இல்லை. நீலத் தொப்பியை நீங்கள் முதன்முதலில் யாரிடம், எப்போது சொன்னீர்கள்? இத்தகைய அனுபவங்களைப் பற்றிப் படிப்பதற்கு முன்பா, பின்பா?

மோனம் எழுதியது:

அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இலேயே இதற்கு ஒரு வரம்பு கட்டினார்: மெய்யனுபவம் அதைப் பெற்றவருக்கு முழு அதிகாரமுடையது, அவ்வாறு இருக்க அதற்கு உரிமையும் உண்டு, பெறாதவர் அதை ஆராயாமல் ஏற்கக் கடமைப்பட்டவர் அல்லர். உரைகல்லின் கேள்வி அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் நீலத் தொப்பி விழுந்துவிட்டால் எல்லாம் விழுந்துவிடும் என்று அந்திவானம் நினைக்க வேண்டியதில்லை.

இராப்பணி எழுதியது:

எங்கள் பிரிவில் பச்சை, நீலம் இரண்டு நிறத் தொப்பிகளும் உண்டு. மயக்கம் தெளியும் நேரத்தில் நோயாளி பார்க்கும் முதல் முகங்கள் அவற்றை அணிந்தவைதாம். இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

அந்திவானம் எழுதியது:

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கேள்வி நியாயமானது என்பதால் கோபப்பட முடியவில்லை.

நான் இதை முதலில் எழுதி வைத்தது மருத்துவமனையிலிருந்து வந்து எட்டு மாதம் கழித்து. அதற்குள் வான் லொம்மெலைப் பற்றியும் வேறு பலரைப் பற்றியும் படித்திருந்தேன். நீலத் தொப்பியை அதற்கு முன் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் உரைகல் கேட்டபின் என் மனைவியிடம் விசாரித்தேன். மருந்து நேரங்களைக் குறிக்க அவள் ஒரு சிறு நாட்குறிப்பு வைத்திருந்தாள். மூச்சுக்குழாயில் செருகியிருந்த குழாயை எடுத்தபின் நான் முதலில் பேசியதை, இரண்டாம் நாள் தேதிக்குக் கீழே, மூன்று வரியில் எழுதியிருக்கிறாள். அவள் நடையிலேயே தருகிறேன்:

“யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். பயமே இல்லையாம். ஏன் என்னை எழுப்பினீங்கன்னு கேக்கறார்.”

தொப்பி அதில் இல்லை. கூரை இல்லை, வெளிச்சமும் இல்லை. அவற்றை நான் கண்டேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இன்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. எனவே சாட்சியாக வைத்ததைத் திரும்பப் பெறுகிறேன். அழைத்த குரலையும் பயமின்மையையும் திரும்பப் பெறவில்லை. அவை மறுமையைப் பற்றிய செய்தியா என்று கேட்டால், மோனம் சொல்வதைப் போல வேறு கேள்வியாக இருக்கலாம்.

மூன்றாவது வரியை நான் நேற்றுவரை பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுகள் அவளிடம் மறைத்ததாக நான் எண்ணிக்கொண்டிருந்ததை, அவள் இரண்டாம் நாளே தன் கையால் எழுதி வைத்துவிட்டு, அதற்குக் கீழே மாலை ஆறு மணி மாத்திரையைக் குறித்திருக்கிறாள்.