ஃபேஸ் ஷிஃப்ட் ஃபுல் பிரிட்ஜ்: லோடு குறைந்தால் ஒரு லெக் மட்டும் சூடாகிறது

கேள்வி:
ஃபேஸ் ஷிஃப்ட் ஃபுல் பிரிட்ஜ் கன்வெர்ட்டர் (நான்கு மாஸ்ஃபெட் சுவிட்சுகள் இரண்டு ஜோடியாக, அதாவது இரண்டு லெக்காக இருக்கும்; முந்தி மாறுவது லீடிங் லெக், பிந்தி மாறுவது லேகிங் லெக்). உள்ளீடு 400 வோல்ட் டிசி, வெளியீடு 48 வோல்ட், 1 கிலோவாட், 100 கிலோஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் 6:1. லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (இரு வைண்டிங்குக்கும் பொதுவாகாத பகுதி) 4 மைக்ரோஹென்றி, மேக்னடைசிங் இண்டக்டன்ஸ் (கோரை காந்தமாக்கும் பகுதி) 1 மில்லிஹென்றி. டெட் டைம் (ஒரு லெக்கின் இரு மாஸ்ஃபெட்டும் ஆஃபாக இருக்கும் இடைவெளி) 80 நானோசெகண்ட். முழு லோடில் பிரச்சினை இல்லை. 200 வாட்டுக்கு இறக்கினால் லேகிங் லெக் மாஸ்ஃபெட் இரண்டும் கொதிக்கின்றன. லீடிங் லெக் வெதுவெதுப்புதான். கேட் டிரைவர் கோளாறா?

பதில்:
டிரைவரைத் தொட வேண்டாம் சார். லீடிங் லெக் மாறும்போது வெளியீட்டு சோக்கின் கரண்டும் துணைக்கு வரும். லேகிங் லெக் மாறும்போது செகண்டரி டயோடுகள் எல்லாம் ஒன்றாகக் கடத்துவதால் அந்தத் துணை கிடைக்காது. லீக்கேஜில் இருக்கும் ஆற்றலை வைத்துத்தான், மாஸ்ஃபெட் ஆன் ஆகுமுன் அதன் டிரைன் வோல்டேஜைப் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும்; இல்லையென்றால் சூடாகும்.

இரண்டு மாஸ்ஃபெட்டும் வைண்டிங்கும் சேர்த்து கெபாசிட்டன்ஸ் 400 பிகோஃபாரட் என்று வைத்தால் 32 மைக்ரோஜூல் வேண்டும். 4 மைக்ரோஹென்றியில் அதற்கு 4 ஆம்பியர். முழு லோடில் பிரைமரிக்கு வரும் லோடு கரண்ட் 3.5, மேக்னடைசிங் கரண்ட் 0.7, மொத்தம் 4.2: மயிரிழையில் தப்பிக்கிறீர்கள். 200 வாட்டில் இருப்பதோ 1.4 ஆம்பியர். டிரைன் 260 வோல்ட் வரைதான் இறங்கும்.

டிஃபரென்ஷியல் ப்ரோபில் கீழ் மாஸ்ஃபெட்டின் டிரைனையும் கேட்டையும் சேர்த்துப் பாருங்கள். டிரைன் பூஜ்யம் தொட்டிருந்தால் கேட் தடங்கலின்றி ஏறும். தொடாவிட்டால் நடுவில் மில்லர் படி (கேட் வோல்டேஜ் சற்று நேரம் ஏறாமல் நிற்கும் தட்டை) தெரியும்.

பிரைமரியில் சீரிஸாக 16 மைக்ரோஹென்றி சேருங்கள்; காற்று இடைவெளி விட்ட ஃபெரைட், லிட்ஸ் வயர் (பல மெல்லிய இழைகள் முறுக்கியது). மொத்தம் 20 ஆனால் 1.8 ஆம்பியர் போதும், 300 வாட்டுக்கு மேல் சரியாகிவிடும்.

கேட்டவர்:
சேர்த்தேன். மில்லர் படி இருந்தது உண்மைதான். பாதுகாப்புக்காக டெட் டைமை 300 நானோசெகண்ட் ஆக்கினேன். இப்போது 400 வாட்டில் டிரைன் பூஜ்யத்துக்கு வந்துவிட்டு, கேட் வருவதற்குள் திரும்ப 400 வோல்ட் ஏறிவிடுகிறது!

இன்னொரு பதில்:
300 மிக அதிகம். கரண்ட் தீர்ந்ததும் எதிர்த்திசையில் திரும்பி கெபாசிட்டன்ஸை மறுபடி சார்ஜ் செய்கிறது. இண்டக்டன்ஸும் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஊசலாடும் ரெசனன்ஸ் காலத்தில் கால் பங்குதான் உங்கள் டெட் டைம்: 20 மைக்ரோஹென்றி, 400 பிகோஃபாரடுக்கு 140 நானோசெகண்ட். கண்ட்ரோலர் அனுமதித்தால் லேகிங் லெக்குக்கு மட்டும் தனியாக வையுங்கள். 200 வாட்டில் பூஜ்யம் வராது, ஆனால் 80 வோல்ட் பள்ளத்தில் ஆன் ஆகும். இழக்கும் ஆற்றல் 400 வோல்ட்டில் ஆவதில் 25-ல் ஒரு பங்கு. அது போதும்.

இண்டக்டரை இன்னும் கூட்டாதீர்கள். 20 மைக்ரோஹென்றிக்கே முழு லோடில் 7 சதவீத டியூட்டி (வெளியீட்டுக்குப் பவர் போகும் நேரப் பங்கு) வீணாகப் போகிறது, 60 வைத்தால் 21. செகண்டரி டயோடில் ரிங்கிங் (மாறும்போது வரும் வோல்டேஜ் அதிர்வு) கூடியிருந்தால், இண்டக்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேரும் இடத்திலிருந்து 400 வோல்ட்டின் பிளஸ், மைனஸ் இரு ரெயிலுக்கும் ஒவ்வொரு ஃபாஸ்ட் டயோடு போடுங்கள்.