ஒரு நாட்டில் பலித்த புற்றுநோய்த் தடுப்பு, இன்னொரு நாட்டில்: சொல் வேண்டும்

செ. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். செவிலியருக்கான புற்றுநோய்த் தடுப்புக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும், ஒரு சொல் மட்டும் பாக்கி. ஒரு நாட்டில் பலன் உறுதியான திட்டத்தை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய் அங்குள்ள ஆள்பலம், பணம், பழக்கத்துக்கு ஏற்றபடி மாற்றி நடத்துவதை மூலத்தில் 'அடாப்டேஷன்' என்கிறார்கள். 'தழுவல்' என்றால் சினிமா நினைவு வருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரசுக்கு எதிரான தடுப்பூசியை ஆஸ்திரேலியா 2007இல் பள்ளிகள் வழியே போடத் தொடங்கியது. 2011இல் ருவாண்டாவும் பள்ளிகளில்தான் தொடங்கியது, ஆனால் பள்ளிக்கு வராத சிறுமிகளைச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் தேடிப் பிடித்தார்கள். ஊசி அதேதான், கொண்டுசேர்த்த விதம் வேறு. இதற்கு என்ன சொல்வது?

ம. எழுதியது:
இதற்கு ஏன் இவ்வளவு கவலை? முன்னோர் நூலைப் பின்பற்றி எழுதுகிற வழிநூல் இருக்கிறதே! முன்னோர் நூலின் முடிபோடு, அதாவது முடிந்த கருத்தோடு, ஒத்துப்போக வேண்டும், பின்னோன் வேண்டும் விகற்பமும், அதாவது வேறுபாடும், சொல்லலாம் என்று நன்னூல் இலக்கணமே வகுத்துவிட்டது. ஆகவே 'வழித்திட்டம்'.

இ. எழுதியது:
ஐயா, இலக்கணம் அருமை. ஆனால் 'வழித்திட்டம்' என்று படிக்கிற செவிலியர், எந்த வழியாகப் போவது என்ற வரைபடம் என்றுதான் நினைப்பார். 'தகவமைப்பு' பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும்.

ம. எழுதியது:
அது ஒட்டகத்துக்குச் சொன்னது தம்பி. உயிரினம் தானாகத் தகவமையும், திட்டத்தை யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். மேலும் 'தக்கார் தகவிலர்' குறளில் தகவு என்றால் நடுவுநிலைமை, பரிமேலழகர் உரையைப் பாருங்கள். தகு, தகை, தக்கது எல்லாம் ஒரே வேரில்...

இ. எழுதியது:
குறளுக்குள் போனால் வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப மாட்டோம் ஐயா.

ப. எழுதியது:
நான் மருத்துவப் பக்கம் நின்று ஒன்று கேட்கிறேன். கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும், செல்லைப் பார்த்துச் சொல்லும் நிபுணர் வேண்டும், முடிவு வந்ததும் அந்தப் பெண்ணைத் திரும்ப வரவழைக்கவும் வேண்டும். இதெல்லாம் இல்லாத இடத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறுங்கண்ணால் பார்க்கிறார்கள். சோதனையே மாறிவிட்டது. இதைத் தகவமைப்பு என்பதா, வேறு திட்டம் என்பதா? என்னைக் கேட்டால், திட்டு தெரிந்தவருக்குச் சிகிச்சை கிடைக்காமல் போனால்தான் அது வேறு திட்டம். அதை மட்டும் மாற்றவே கூடாது.

ம. எழுதியது:
அதைத்தானம்மா நானும் சொல்கிறேன்! முன்கூட்டிக் கண்டுபிடித்துச் சிகிச்சை தருவது முடிபு, சோதனை முறை விகற்பம். 'தகவமைப்பு' என்ற சொல்லில் இந்தப் பிரிவினை எங்கே இருக்கிறது?

செ. எழுதியது:
சரி, நேரமில்லை. இ. சொன்னதை வைத்து 'திட்டத் தகவமைப்பு' என்றே போடுகிறேன். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று ப. சொன்னதை அப்படியே கீழே ஒரு பத்தியாகச் சேர்க்கிறேன். பலன் உறுதியான திட்டத்தை 'மெய்ப்பிக்கப்பட்ட' என்பதா 'நிரூபிக்கப்பட்ட' என்பதா என்ற சண்டையைத் தயவுசெய்து இப்போது ஆரம்பிக்க வேண்டாம்.

ம. எழுதியது:
போடுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், 'நிரூபிக்கப்பட்ட' மட்டும் கூடவே கூடாது.