பழைய ஜிபிஎஸ் கருவியை ஐந்து முள் சாக்கெட் உள்ள புதிய திரையோடு இணைப்பது எப்படி?

காரைக்குடி மின்பணி:
வணக்கம். காரைக்குடியில் டிவி, இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடல் கருவிகள் எனக்குப் புதியவை. தொண்டியில் விசைப்படகு வைத்திருக்கும் என் மாமா, தம்மிடமுள்ள பழைய ஜிபிஎஸ் கருவியையும், அருகிலுள்ள கப்பல்களின் இருப்பிடத்தை வாங்கிக் காட்டும் ஏஐஎஸ் ரிசீவரையும், அண்மையில் வாங்கிய ஆழம் காட்டும் திரையோடு இணைத்துத் தரச் சொன்னார். பழையவை இரண்டும் என்எம்இஏ (கடல் கருவிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் தரமுறை) 0183 வகை. திரையில் என்எம்இஏ 2000க்கான ஐந்து முள் வட்டச் சாக்கெட் மட்டுமே இருக்கிறது. சோதனைக்காக ஜிபிஎஸ், ஏஐஎஸ் இரண்டின் வெளியீட்டுக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, படகில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவுக்குக் கொடுத்துப் பார்த்தேன். ரேடியோவில் இருப்பிடம் வரவே இல்லை. ஐந்து முள் கேபிளை வெட்டி இந்தக் கம்பிகளை அதில் சேர்த்துவிடலாமா?

தொண்டிக்கரை:
வெட்ட வேண்டாம், தம்பி. 0183 என்பது ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் முறை. ஒரு ஜிபிஎஸ்ஸின் வெளியீட்டைப் பல கருவிகள் கேட்கலாம். ஆனால் ஒரே கம்பியில் இருவர் பேசினால் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்துவிடும். போதாக்குறைக்கு, ஜிபிஎஸ் வழக்கமாக 4800 பாட் (வினாடிக்கு இத்தனை பிட்) வேகத்திலும் ஏஐஎஸ் 38400 பாட் வேகத்திலும் பேசுகின்றன. எனவே ரேடியோவுக்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் நேரடியாகக் கொடுங்கள். ஆபத்து வேளையில் ரேடியோவின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் 70ஆம் சேனலில் படகின் இருப்பிடமும் சேர்ந்து போக வேண்டும் என்பதால், இந்த இணைப்பை முதலில் முடித்துவிடுவது நல்லது.

2000 வகையோ மோட்டார் வாகனங்களில் உள்ள கேன் பஸ் என்ற தகவல் இணைப்பு முறையை அடிப்படையாகக் கொண்டு 250 கிலோபிட் வேகத்தில் ஓடுவது. அதன் மொழியே வேறு. இடையில் ஒரு கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும். ஏஐஎஸ் செய்திகளையும் மாற்றித் தரும் என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருப்பதையே வாங்குங்கள், மலிவானவற்றுள் சில ஜிபிஎஸ்ஸோடு நின்றுவிடுகின்றன.

தேவகோட்டைக்காரன்:
ஐந்து முள் கேபிளின் அமைப்புக்கு நம் ஊர் வீடே நல்ல உவமை: முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும், அறைகள் பக்கவாட்டில் இருக்கும். அதுபோல் முதுகெலும்புக் கேபிள் ஒன்றே நேராக ஓட, ஒவ்வொரு கருவியும் டி வடிவ இணைப்பிலிருந்து 6 மீட்டருக்கு மிகாத கிளைக் கேபிளில் தொங்க வேண்டும். முதுகெலும்பின் இரு கோடிகளிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் பொருத்தும் மின்தடை) ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெள்ளை, நீலக் கம்பிகளுக்கு இடையே மல்ட்டிமீட்டரை வைத்தால், அவை இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும்.

காரைக்குடி மின்பணி:
நன்றி, அண்ணன்மார்களே. ரேடியோவில் இருப்பிடம் வந்துவிட்டது. ஆனால் திரையோடு வந்த கேபிளை அளந்தால் 120 காட்டுகிறது.

தேவகோட்டைக்காரன்:
அப்படியானால் ஒரு கோடியில் டெர்மினேட்டர் இல்லை, அல்லது இருந்தும் முள் சரியாகப் பொருந்தவில்லை. உப்புக்காற்றில் பச்சை பூத்த முள்ளாகவும் இருக்கலாம். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.