அவசரம்: உந்தக் கொட்டேஷன் சரியோ? பின்னேரம் காசு கட்டோணும்

கொக்குவில்_பெடியன் | காலை 9:12
அண்ணையாக்கள் வணக்கம், முதல் தரமா பிசி ஒண்டு சேத்துப் போடப்போறன், கடையில எழுதித் தந்தது இதுதான், இண்டைக்குப் பின்னேரம் 5 மணிக்கு முதல் காசு கட்டினா இந்த விலைக்குத் தருவினமாம் பேந்து ஏறுமாம், ஒருக்கா கெதியாப் பாத்துச் சொல்லுங்கோ

ரைசன் 5 5600
பி450 மதர்போட்
8 ஜிபி ராம் ஒண்டு
256 எஸ்எஸ்டி
கேஸிங் பவர் சப்ளையோட
மொத்தம் 112,000

ஏதும் கூட்டிக் குறைக்கோணுமோ? நன்றி

வல்லைவெளி | 9:20
என்னத்துக்குத் தம்பி பிசி? கேமோ, படிப்போ, வேலையோ? மொனிற்றர் இருக்கோ? யூபிஎஸ்? 112 தான் கடைசியோ இன்னும் எப்பன் ஏறலாமோ? ஒண்டும் சொல்லாமல் சரியோ எண்டு கேட்டா எங்களுக்கென்ன வெத்திலையில மை போட்டுப் பாக்கத் தெரியுமே

சோல்டர்_சிவம் | 9:31
மற்றதெல்லாம் பிறகு. கேஸிங்கோட சும்மா வாற அந்தப் பவர் சப்ளையை முதல் வேண்டாமெண்டு சொல்லும். மேல 500 வாட்ஸ் எண்டு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், கையில தூக்கிப்பாரும், வெறும் தகரப்பெட்டி மாதிரிப் பாரமே இராது. எங்கட கரண்ட் மழைக்கு ஒருக்கா காத்துக்கு ஒருக்கா எண்டு போய் வாறது, திரும்ப வாற நேரம் அடிக்கிற அடியை முதல் வாங்கிறது அதுதான், அது போனா சில நேரம் போட்டையும் கூட்டிக்கொண்டு போகும். எனக்கு வாற ரிப்பெயரில கனக்க உந்தக் கேஸிங் சப்ளைதான். 80 பிளஸ் எண்ட தரச் சான்று போட்ட 450 வாட்ஸ் ஒண்டு தனிய வாங்கும், மற்ற எதில மிச்சம் பிடிச்சாலும் இதில பிடிக்காதேயும்.

பழைய_பென்ரியம் | 9:48
உந்தக் கேள்விக்கு எத்தினை தரம் பதில் எழுதியாச்சு. 486 காலத்தில இருந்து மெஷின் போடுறன் தம்பி, அப்ப எங்களுக்குக் கேக்க ஆளில்லை, போட்டோட வாற புத்தகத்தை வாசிச்சுத்தான் ஜம்பர் மாத்தினனாங்கள். இப்பத்தையப் பெடியளுக்கு ஒரு பத்து நிமிசம் வாசிக்கப் பஞ்சி. நீர் எழுதின லிஸ்ற்றை அப்பிடியே வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டினீர் எண்டால் காத்தாடி சுத்தும், லைற் எரியும், படம் வராது. ஏன் எண்டதை நீரே தேடிக் கண்டுபிடியும், அப்பத்தான் மனசில நிக்கும்.

பனங்கிழங்கு | 10:05
பென்ரியம் அண்ணை, பெடியன் பின்னேரம் காசு கட்டப்போறான், இப்ப போய் விடுகதை போடுறியள்.

தம்பி, ரைசன் 5 5600 எண்ட சிப்புக்குள்ள கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி எண்டு பின்னால ஜி போட்டு வாறதிலதான் வேகா கிராபிக்ஸ் இருக்கு. உங்கட லிஸ்ற்றில தனிக் கார்ட்டும் இல்லை, அப்ப மொனிற்றர் வயரை எங்க செருகப்போறியள்? போட்டுக்குப் பின்னால எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், அதைப் பாத்துத்தான் கனபேர் ஏமாறுறது, சிப்பில கிராபிக்ஸ் இல்லாட்டி அது சும்மா ஓட்டைதான். கடைக்காரர் நீங்கள் கார்ட் வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சிருக்கலாம், அவரைக் குறை சொல்லேலாது, நீங்கள் எங்களுக்குச் சொன்ன அளவுதான் அவருக்கும் சொல்லியிருப்பியள்.

அடுத்தது பி450. அது 2018ல வந்த போட், 5000 வரிசை ரைசன் வந்தது 2020 கடைசியில. பயோஸ் எண்ட போட்டின்ர தொடக்க புரோகிராம் பழசா இருந்தா சிப்பை அது கண்டுபிடிக்காது. கடையிலயே அப்டேற் பண்ணித் தாங்கோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டி ஏ520 எடுங்கோ, அதிலை இந்தப் பிரச்சினை குறைவு.

கொக்குவில்_பெடியன் | 11:41
ஓ சொல்ல மறந்திட்டன் சொறி, வீடியோ எடிற்றிங்குக்கு. இஞ்ச ஸ்ரூடியோ வைச்சிருக்கிற அண்ணை ஒராள் கலியாணவீடு சாமத்தியவீடு எல்லாம் எடுக்கிறவர், அவர் வீட்டில வைச்சு வெட்டித் தந்தா ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு எண்டு தாறன் எண்டவர், அதுக்குத்தான். மொனிற்றர் இருக்கு. அப்ப ஜி போட்டதை வாங்கினாக் காணுமோ?

வல்லைவெளி | 11:50
எந்த மொனிற்றர்? பின்னால என்ன ஓட்டை இருக்கு? பழைய விஜிஏ வயர் செருகிற நீல ஓட்டையோ? எதில வெட்டப்போறியள், பிறீமியரோ டாவின்சியோ? அவர் 4கேயில எடுக்கிறவரோ? ஒண்டு கேட்டா ஒண்டுதான் சொல்லுறியள்

பனங்கிழங்கு | 11:58
எடிற்றிங் எண்டா கதை வேற. 8 ஜிபி ராம் ஒண்டு காணவே காணாது. 16 வேணும், அதுவும் 8, 8 எண்டு ரெண்டாப் போடுங்கோ, ஏனெண்டால் ஜி சிப்புக்குத் தனிய வீடியோ மெமரி இல்லை, ராமிலதான் கடன் வாங்குது. ஒற்றை ராம் போட்டா ஒரு வழிதான், ரெண்டு போட்டா ரெண்டு வழி. விலை ஏறும் எண்டு கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, மெமரிக் கொம்பனியள் எல்லாம் ஏஐ சேர்வர் பக்கம் சாஞ்சிட்டினம், உலகம் முழுக்க ராம் ஏறித்தான் கிடக்கு.

256 எஸ்எஸ்டியைப் பற்றியும் யோசியுங்கோ. கமரா 4கேயில 100 மெகாபிற்றில எடுக்குது எண்டு வைப்பம், ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. சாமத்தியவீடு ஒண்டுக்கு ரெண்டு கமரா, காலமை தண்ணி வார்க்கிறதில இருந்து இரவு கேக் வெட்டு மட்டும். கணக்கை நீங்களே பாருங்கோ. வின்டோஸுக்கும் சொவ்ற்வெயருக்கும் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்டு, வீடியோவைக் கொட்டி வைக்க 2 ரிபி ஹாட் டிஸ்க் ஒண்டு.

சோல்டர்_சிவம் | 12:10
அதோட நல்ல சப்ளை. நான் சொன்னதை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை

ஐ3_ரசிகன் | 12:22
எடிற்றிங் எண்டு சொன்னாப்பிறகும் ஏன் எல்லாரும் ரைசனிலயே நிக்கிறியள்? ஐ3 12100 எடுங்கோ, எச்610 போட் ஒண்டு. நாலு கோர்தான், ஆனா இன்ரெலில குவிக்சிங்க் எண்டு வீடியோவுக்கெண்டே ஒரு பகுதி இருக்கு, கமரா வீடியோவைப் பிறீமியர் திறக்கேக்கை அது தோள் குடுக்கும், ரைம்லைன் சிக்கிச் சிக்கி ஓடாது. எஃப் எண்டு கடைசியில வந்தா எடுக்காதேங்கோ, அதிலயும் கிராபிக்ஸ் இல்லை. ஒரு கொம்பனிக்கு ஜி இருந்தாப் படம் வரும், மற்றக் கொம்பனிக்கு எஃப் இருந்தாப் படம் வராது, சனம் எப்பிடி விளங்கிக்கொள்ளும்.

மானிப்பாய்_மாமா | 12:40
எல்லாரும் பெடியன்ர காசைக் கரைக்கத்தான் நிக்கிறியள். கொழும்பில ஒபிஸில பாவிச்ச பிராண்ட் மெஷின் வந்து இறங்குது, ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டியோட, இந்தக் காசில பாதி. நான் அதிலதான் ஆறு வருஷமாக் கடைக் கணக்கெல்லாம் செய்யிறன். மிச்சக் காசை வட்டிக்கு விட்டாலும் பிரயோசனம்.

பழைய_பென்ரியம் | 12:52
மாமா, உங்கட ஐ5 எத்தினையாம் ஜெனரேசன்? நாலோ ஆறோ? வின்டோஸ் 10 க்கு மைக்ரோசொவ்ற் 2025 ஒக்ரோபர் 14 ஓட கையை விட்டிட்டுது, 11 க்கு இன்ரெல் எட்டாம் ஜெனரேசனில இருந்துதான் கணக்கு. சுத்துமாத்துச் செய்து ஏத்தலாம், எனக்குத் தெரியும், நீங்கள் செய்யமாட்டியள். அதோட உந்த மெஷினுகளில பவர் சப்ளையும் போட்டும் அவையின்ர அளவுக்கு அடிச்சது, நாளைக்குச் சப்ளை போனா கடையில சாதாரணமா விக்கிறது பூட்டேலாது.

மானிப்பாய்_மாமா | 12:58
எனக்கு இதுவரை ஒண்டும் போகேல்லை

ரொறொன்ரோ_தம்பு | 1:15
இஞ்ச ஒஃபர் வந்தா 5600ஜி சிப் மலிவு. ஆரும் சொந்தக்காரர் லீவில வருகினமெண்டா பொக்கற்றில போட்டுக்கொண்டு வரச்சொல்லும் தம்பி, நான் போன திருவிழாவுக்கு வரேக்கை அத்தான்ர மகனுக்கு அப்பிடித்தான் கொண்டந்தனான்.

பனங்கிழங்கு | 1:22
அண்ணை பெடியனுக்கு 5 மணி. நல்லூர்த் திருவிழா மட்டும் பொறுக்கேலாது. அதோட உங்க வாங்கினதுக்கு இஞ்ச ஆர் வொறண்டி தாறது?

சுன்னாகம்_ஏஎம்4 | 1:30
வொறண்டி எண்ட உடன நினைவு வந்தது, பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தையும் வாசியுங்கோ. ஒரு வருஷம் எண்டு பெருசா எழுதிப்போட்டு 14 வேலை நாள் குறைச்சு எண்டு சின்னன் எழுத்தில போடுற கடையள் இருக்கு. எரிஞ்ச அடையாளம், துரு இருந்தா வொறண்டி இல்லை எண்டும் இருக்கும். கடல்காத்து வாற பக்கம் வீடெண்டா யன்னலுக்குக் கீழ மெஷினை வைக்காதேங்கோ.

எர்த்கம்பி | 1:47
நான் வயறிங் வேலை செய்யிறனான். பெடியன் வீட்டில எர்த் இருக்கோ? ஒருத்தரும் கேக்கேல்லை. கேஸிங்கைத் தொட சுள்ளெண்டுது எண்டு மாசத்துக்கு ரெண்டு பேராவது என்னைக் கூப்பிடுகினம், பிசி பழுது எண்டுதான் நினைக்கிறது. பிசி பழுதில்லை. சப்ளைக்குள்ள லைவில இருந்து ஒண்டு நியூற்றலில இருந்து ஒண்டு எண்டு சின்னக் கப்பாசிற்றர் ரெண்டு, கேஸிங்கின்ர பொடிக்குப் போகுது, எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிடும், இல்லாட்டிப் பொடி நடுவில மிதக்கும், 230ல பாதி, மீற்றர் வைச்சா 115 அளவில காட்டும். கரண்ட் மிச்சம் குறைவு, ஆள் போகமாட்டார், ஆனா அந்த நிலையில மொனிற்றர் வயரைச் செருகேக்கை போட்டுக்கு அடிக்கலாம்.

மானிப்பாய்_மாமா | 2:03
அதுக்கு ஏன் பயம் காட்டுறியள், சொக்கெற்றைக் கழட்டி எர்த் ஓட்டைக்கும் நியூற்றலுக்கும் ஒரு துண்டு வயர் தொடுத்துவிட்டா முடிஞ்சுது. எங்கட வீட்டில 15 வருஷமா அப்பிடித்தான்.

எர்த்கம்பி | 2:06
ஐயோ மாமா அதை இண்டைக்கே கழட்டுங்கோ!! நியூற்றல் எங்கையாவது விட்டுப்போச்சுதெண்டா உங்கட கேஸிங், பிரிஜ், வோஷிங் மெஷின் எல்லாம் முழு லைவ். 15 வருஷம் ஒண்டும் நடக்கேல்லை எண்டது உங்கட அதிர்ஷ்டம்.

சோல்டர்_சிவம் | 2:15
ட்ரிப் சுவிச் இருந்தாக் காணும்தானே

எர்த்கம்பி | 2:21
மாமா செய்தது மாதிரிச் செய்தா ட்ரிப் சுவிச்சும் ஒழுங்கா வேலை செய்யாது. எர்த் கம்பி அடிக்கிறதுதான் ஒரே வழி. எங்கட பக்கம் ஒரு முழத்துக்குக் கீழ கல்லு, கம்பி இறங்காது எண்டு ஆக்கள் அரைக்கம்பியோட விட்டிடுவினம். கிணத்தடியில வாழைக்குத் தண்ணி ஓடுற பக்கமாப் பாத்து அடிக்கோணும், ஈரம் நிக்கும்.

மானிப்பாய்_மாமா | 2:30
என்ர வீட்டு வாழைக்குள்ள ஒருத்தரும் கம்பி அடிக்கத் தேவையில்லை

வல்லைவெளி | 2:41
கொக்குவில் தம்பி நிக்கிறீரோ? மொனிற்றர் ஓட்டை என்னெண்டு இன்னும் சொல்லேல்லை

கொக்குவில்_பெடியன் | 4:36
பஸ்ஸில போறன். ஒண்டு சொல்லேல்லை, 20,000 அட்வான்ஸ் நேற்றே கட்டிட்டன், அதாலதான் கடையை மாத்தேலாது. அண்ணர் இன்னும் 25 தாறன் எண்டவர். என்னத்தை மாத்தச் சொல்லோணும் சுருக்கமாச் சொல்லுங்கோ

பனங்கிழங்கு | 4:39
அட்வான்ஸ் எண்டா பறுவாயில்லை, சாமானைத்தான் மாத்தப்போறியள். 5600 ஐ 5600ஜி ஆக்குங்கோ, போட்டுக்கு பயோஸ் அப்டேற் பண்ணி உங்களுக்கு முன்னாலயே படம் வரப்பண்ணிக் காட்டச்சொல்லுங்கோ, ராம் ரெண்டு, எஸ்எஸ்டி 500. காசு முட்டினா ஹாட் டிஸ்க்கை அடுத்த மாசம் வாங்கலாம், ஸ்ரூடியோ அண்ணையிட்டையே ஒண்டு இரவல் இருக்கும். சப்ளை மட்டும் சிவம் அண்ணை சொன்ன மாதிரித் தனிய.

ஐ3_ரசிகன் | 4:40
12100!!

சோல்டர்_சிவம் | 4:41
கடைசியிலயாவது ஒராள் ஒத்துக்கொண்டார்

பழைய_பென்ரியம் | 5:20
யூபிஎஸ் பற்றி வல்லைவெளி கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் எழுதேல்லை. 650 விஏ எண்டு போட்டிருக்கிறதை 650 வாட்ஸ் எண்டு நினைச்சு வாங்காதேயும், வாட்ஸில அது 360 அளவுதான் வரும். அது வேலையைச் சேவ் பண்ணி மெஷினை நிப்பாட்டுறதுக்கு, கரண்ட் இல்லாத நேரம் இருந்து வெட்டுறதுக்கில்லை.

வல்லைவெளி | அடுத்த நாள், காலை 8:02
என்ன தம்பி நடந்தது? வாங்கியாச்சோ?

மானிப்பாய்_மாமா | அடுத்த நாள், 10:15
எர்த்கம்பி தம்பி, உம்மட நம்பரைத் தனிய அனுப்பிவிடும். மனுசி இதை வாசிச்சுப்போட்டு வோஷிங் மெஷின் பக்கம் போகமாட்டன் எண்டு நிக்கிறா.

கொக்குவில்_பெடியன் | நாலு நாள் கழிச்சு, இரவு 11:47
எல்லாருக்கும் நன்றி. 5600ஜி எடுத்தாச்சு, கடையிலயே பயோஸ் செய்து படம் காட்டித்தான் தந்தவை. வீட்டை கொண்டந்து பாத்தா மொனிற்றரில நீல ஓட்டை மட்டும்தான், போட்டில எச்டிஎம்ஐ, மாத்திற சாமான் ஒண்டு வாங்க ரெண்டு நாள் போட்டுது. இப்ப வேலை செய்யுது. கேஸிங் சுள்ளெண்டுதுதான், செருப்போட இருந்து வெட்டுறன், அப்பா வயறிங்காரரைக் கூப்பிடுறன் எண்டவர். முதல் வீடியோ நாளைக்குக் குடுக்கோணும் பிறகு வாறன்

வல்லைவெளி | இரவு 11:55
சந்தோசம். ராம் ஒண்டோ ரெண்டோ போட்டனீர்?

வல்லைவெளி | ரெண்டு கிழமை கழிச்சு
தம்பி?